கரியடுப்புக் கமாலுதீன்

கொச்சி மட்டாஞ்சேரியில் மீன மாதம் பிறந்துவிட்டால் வீட்டுக்குள் அடுப்பு மூட்ட யாருக்கும் மனம் வராது. பகல் முழுக்க ஓட்டுக்கூரைக்குக் கீழே தேங்கிய சூடு பொழுது சாய்ந்த பிறகும் இறங்காது. மீனம், மேடம் என்ற அந்த இரண்டு மாதமும் பஜார் ரோட்டை ஒட்டிய சந்துக்குக் கமாலுதீனின் கரியடுப்புதான் அடுக்களை.

தார்ப்பீப்பாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து, கால் பொருத்தி அவனே செய்த அடுப்பு அது. சிரட்டைக்கரி தவிர வேறு கரியைத் தொடமாட்டான். சாளை மீனை வாழையிலையில் பொதிந்து அடங்கிய கனலில் வைப்பான். அயிலையை முதுகில் கீறி, மிளகும் சிறிய வெங்காயமும் அரைத்து அடைத்து, நேரே கம்பிமேல் போடுவான். மாட்டிறைச்சிக்குத்தான் பாடு அதிகம். பச்சைப் பப்பாளிக்காய் விழுதும் பெருஞ்சீரகமும் எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து ஊறவைத்து, பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைத் தேய்த்துக் கழுவி அவற்றில் கோப்பான். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே கனல் நுழைய இடம் விடுவான். அப்படி விடாதவன் இறைச்சியைச் சுடவில்லை, அவிக்கிறான் என்பான். சுமட்டுத் தொழிலாளிகள் மூட்டை இறக்கிவிட்டு நேரே அங்கேதான் வருவார்கள். ஈரலுக்கு யூதர் தெருவான ஜூ டவுனிலிருந்துகூட ஆள் வரும்.

பக்கத்தில் அப்துல் ஜலீலின் சாயாக்கடை. கமாலுதீனைவிட மூத்தவர். "உன்ட புகை என்ட பாலுக்குள்ள எறங்குதுடா. நேத்து ஒருத்தன் எறச்சி சாயா கேட்டான்" என்று தினமும் வம்பிழுப்பார். "காசு கூடுதலா வாங்கினீங்களா இக்கா?" என்று கமாலுதீன் கனலிலிருந்து தலை நிமிராமலே கேட்பான். ஜலீலின் தம்பி முகமது இஸ்மாயில் சுமட்டுக்காரன். சிரிப்பதற்கு அவன் ஒருவனே போதும், சந்து முழுக்கக் கேட்கும்.

ஐம்பத்தேழில் ஊரெங்கும் பரவிய சளிக்காய்ச்சல் கமாலுதீனையும் கிடத்தியது. எழுந்து நடமாடிய முதல் நாள் சுக்குக் கிட்டங்கியைக் கடந்து போனான். எதுவும் மூக்கில் ஏறவில்லை. திரும்பி வந்து வாசலிலேயே நின்று பார்த்தான். உள்ளே சாக்குகள் கூரை தொட அடுக்கியிருந்தன. மிளகுக் கிட்டங்கிக்குப் போனான், பிறகு மீன் இறங்கும் படகுத்துறைக்குப் போனான். எங்கேயும் ஒன்றுமில்லை. உப்பும் புளிப்பும் காரமும் நாக்குக்குத் தெரிந்தன. மணம் மட்டும் போய்விட்டது, திரும்பவே இல்லை.

இதை அக்காள் ரம்லத்திடம் மட்டும் சொன்னான். மணம் தெரியாதவன் சுட்டதை யார் வாங்கித் தின்பார்கள் என்பது அவன் பயம். அத்தா இறந்த பிறகு அவனை வளர்த்தவள் அவள். அடுத்த சந்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அன்றுமுதல் தினமும் நடுப்பகலில் வந்து, மீனையும் ஊறிய இறைச்சியையும் முகர்ந்து பார்த்து, கொள்ளலாம், வேண்டாம் என்று சொல்லிப் போவாள். அவள் வேண்டாமென்றது கடைக்குப் போனதில்லை. தன் பங்குக்கு அவனும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பான். மழைக்காலமும் குளிர்காலமும் இப்படியே கழிந்தன. ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருடம் நோன்பு நல்ல வெயில்காலத்தில் வந்தது. நோன்பு வைத்திருக்கிறவன் பகலில் எதையும் நாக்கில் வைப்பதில்லை என்பதில் கமாலுதீன் கறாராக இருந்தான். சமைக்கிறவன் தேவைக்குத் தொட்டுத் துப்பலாம் என்று பள்ளிவாசல் உஸ்தாதே சொல்லியிருந்தார். மற்றவர்கள் வேண்டுமானால் செய்யட்டும் என்றான். அது அவனுக்குப் பெருமையும்கூட. தன் மூக்கு இருக்கும்போது அவன் நாக்கு எதற்கு என்று ரம்லத்தும் விட்டுவிட்டாள்.

நோன்பின் நடுப்பகுதியில் ஒரு மாலை, எதிர்பாராத கோடைமழை பிடித்துக்கொண்டது. கடைக்கு ஆள் வரவில்லை. ஊறிய இறைச்சி பாதிக்குமேல் மிஞ்சியது. ஐஸ்கட்டி வாங்கிப் பானையைச் சுற்றி அடுக்கி, சாக்குப் போட்டு மூடி வைத்தான். மறுநாள் காலையில் பாலக்காட்டிலிருந்து ஆள் வந்தது. அங்கே மகள் வீட்டிலிருந்த ரம்லத்தின் மாமியார் மௌத்தாகிவிட்டார். அடக்கத்துக்குள் போய்ச் சேரக் கிடைத்த ரயிலுக்கு அவள் புறப்பட வேண்டியிருந்தது. பானையைத் திறந்து முகர்ந்தாள். அப்போது குற்றமில்லை.

"இப்ப கொழப்பமில்ல. ஆனா இந்த வெயில்ல அஸர் தொழுகை வரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றாள். "நாக்குல தொட்டுத் துப்பு. அதுவும் மாட்டேன்னா ஜலீல்கிட்ட நீட்டு. எப்படியிருக்கு, மணத்துப் பாருங்கன்னு கேட்டா போதும். வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"சரிக்கா. நீ போயிட்டு வா."

அன்று வெயில் முந்தின நாள் மழைக்கும் சேர்த்து அடித்தது. கடைக்குக் கிளம்பும்போது ஐஸ் வெறும் தண்ணீராகியிருந்தது. இறைச்சியின் நிறத்தைப் பார்த்தான், விரலால் அழுத்திப் பார்த்தான். இரண்டும் சரியாகத்தான் பட்டன. ஒரு துண்டை இலையில் வைத்துச் சாயாக்கடைப் பக்கம் திரும்பினான். ஜலீல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்றைக்கும் கேட்காதவன் இன்று ஏன் கேட்கிறான் என்று அவருக்குத் தோன்றாதா? தோன்றினால் பொழுது சாயுமுன் சந்து முழுக்கத் தெரிந்துவிடாதா? துண்டைப் பானையிலேயே போட்டுவிட்டு, கூடுதலாக மிளகு தூவிக் கம்பியில் கோத்தான்.

நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் கூட்டம் மொய்த்தது. லேசாகப் புளிக்கிறதே என்று ஒருவர் சொன்னார். எலுமிச்சை கூடிப்போயிருக்கும் என்றான் கமாலுதீன், அப்படித்தான் நம்பவும் செய்தான். பகலெல்லாம் மூட்டை சுமந்த இஸ்மாயில்தான் எல்லாரையும்விட அதிகம் தின்றான். விற்று முடிக்காமல் கமாலுதீன் சாப்பிடுவதில்லை. அன்று விற்று முடித்தபோது அவனுக்குத் தின்ன ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

விடியுமுன்பே பல வீடுகளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. மற்றவர்கள் தேறினார்கள். தண்ணீர் வற்றிக் கிடந்த உடம்பு இஸ்மாயிலுக்குத் தாங்கவில்லை. மறுநாள் நடுப்பகலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழியில் இறந்தான். அடக்கத்துக்குத் தூக்கிய சந்தூக்குக்குத் தோள் கொடுக்கக் கமாலுதீன் போனான். ஒருவர் அவன் கையை எடுத்து விலக்கிவிட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பிய ஆட்கள் அவன் கடைமுன் நின்றார்கள். கெட்டதென்று தெரிந்தேதான் விற்றான், அதனால்தான் தான் மட்டும் தின்னவில்லை என்று பேசினார்கள். ஜலீல் அந்தக் கடைக்குள் போய், மூலையில் கழுவாமல் கிடந்த இறைச்சிப் பானையைத் தூக்கி வந்து மூடியைக் கழற்றினார். நின்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். அதை அவர் கமாலுதீனின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

கமாலுதீன் மூச்சை இழுத்தான், விட்டான். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பானையைப் பார்க்கவுமில்லை, ஜலீலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஜலீல் பானையை இன்னும் நெருக்கிப் பிடித்தார், பிறகு தாழ்த்தினார்.

"எப்ப இருந்துடா?"

"காய்ச்சலுக்குப் பின்னாடி இக்கா."

யாரும் அவனை அடிக்கவில்லை. பானையைக் கீழே வைத்துவிட்டு ஜலீல் போனார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

பிறகு அந்த அடுப்பு எரியவில்லை. தோல் கிட்டங்கி ஒன்றில் கமாலுதீனுக்கு வேலை கிடைத்தது. பச்சைத்தோலுக்கு உப்பிடும் குழியில் இறங்க மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அவன் இறங்கினான். தோலைச் சுருக்கமில்லாமல் விரித்து, உப்பு ஒரே சீராகப் படியத் தேய்ப்பான். இவனைப்போல் வேலைக்காரன் இல்லை என்று முதலாளி சொன்னார். வீட்டுக்கு வந்து இதை ஒருநாளும் அவன் சொன்னதில்லை. ரம்லத்துக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும்.

ஜலீல் அவனோடு பேசவில்லை. அறுபத்துநாலில் ஒரு மீன மாதச் சாயங்காலம், கிட்டங்கி வாசலில் உப்பு படிந்த காலைக் கழுவிக்கொண்டிருந்தவன் முன் வந்து நின்றார். தாடி முழுக்க நரைத்திருந்தது.

"அன்னைக்கு ஒரு வாக்கு கேட்டிருந்தா நான் மணத்துப் பார்த்திருப்பேனே" என்றார். "ஏன்னு கேட்டிருக்கவும் மாட்டேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் இக்கா. என்ட பயம்தான் கேக்க விடல" என்றான் கமாலுதீன்.

ஜலீல் தலையை ஆட்டினார். படகுத்துறைப் பக்கம் நடந்தார். கமாலுதீன் மற்றக் காலையும் கழுவினான்.