பூங்காவில் முறித்துப் போட்ட தழை

ஹாங்காங் கேளிக்கைப் பூங்காவுக்குள் நுழைந்ததும் முதலில் உறுத்தியது, நடுவில் நின்ற பொம்மைக் கோட்டைக்குப் பின்னால் மலை இருந்ததுதான். கலிபோர்னியாவில் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய இதே பெயர்ப் பூங்காவில், கோட்டைக்குப் பின்னால் வெறும் வானம்தான். ஹாங்காங்கிலும் அதே வாசல், அதே கடைத்தெரு, அதே பாட்டு. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் பச்சையாக மலை. "நம்ம பார்க்கை யாரோ தூக்கிட்டு வந்து இங்க வெச்ச மாதிரி இருக்கும்மா" என்றாள் என் பதினொரு வயது மகள் நிலா. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நடந்த என் அண்ணன், மலையைக் கண்டதும் கையை வீசி நடக்க ஆரம்பித்தார். "தோ, நம்மூரு மாதிரிதான் கீது. அப்புறம் இன்னா பயம்?"

அண்ணன் ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிறவர். எங்களைப் பார்க்க வர அவருக்கு அமெரிக்க விசா இரண்டு முறை கிடைக்கவில்லை. பாதி வழியில் சந்திக்கலாம் என்று ஹாங்காங்கைத் தேர்ந்தெடுத்தது நான்தான். நிலாவுக்கு மாமாவை வீடியோவில்தான் பழக்கம், நேரில் பார்த்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. புது ஊர் என்றாலே எனக்குப் பயம். பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று மணிக்கு நாலு முறை தொட்டுப் பார்ப்பேன். தெரியாத ஊரில் தெரிந்த இடம் ஒன்றாவது இருக்கட்டும் என்றுதான் பூங்காவுக்கே வந்தோம். குதிரை ராட்டினத்துக்கு எதிரே இருவரையும் உட்காரவைத்து, "இங்கேயே இருங்க, சாப்பாடு வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிப் போனபோது எனக்குத் துளியும் பயமில்லை. நிலாவுக்கு இந்தப் பூங்கா சொந்த வீடு மாதிரி. அந்தத் தைரியம்தான் என் முதல் தப்பு.

வரிசை நீளமாக இருந்தது. மாமிசம் கலக்காத சோறு எது என்று கேட்டுப் புரியவைக்க இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. தட்டுடன் திரும்பி வரும்போது, ராட்டினத்தருகே பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் தரையில் ஒரு சின்னத் தழைக்கொத்து கிடந்தது. சுத்தமான பாதையில் அது மட்டும் குப்பையாகத் தெரிந்தது. ஒரு கையால் எடுத்து, பக்கத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பன்னிரண்டு வருட வெளிநாட்டு வாழ்க்கையில் கை தானாகவே செய்யப் பழகிவிட்ட வேலை அது. நிமிர்ந்தபோது பெஞ்சில் யாரும் இல்லை.

தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு ராட்டினத்தை இரண்டு சுற்று சுற்றினேன். அண்ணனின் போனுக்கு இங்கே இணைப்பில்லை, நிலாவிடம் போனே கிடையாது. கலிபோர்னியாவில் கழிப்பறை இருக்கும் இடத்தில் இங்கே ஐஸ்கிரீம் கடை இருந்தது. எனக்குத் தெரிந்த வழி ஒவ்வொன்றும் வேறு எங்கோ கொண்டுபோய் விட்டது. சீருடைப் பெண் ஒருத்தியைப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னேன். என்ன நிற உடை என்று கேட்டாள். என் மகள் காலையில் என்ன உடுத்தினாள் என்று எனக்கு நினைவு வரவில்லை. கூட இருப்பவர் யார் என்றாள். என் அண்ணன் என்றேன். குழந்தைக்கு அவரை நன்றாகத் தெரியுமா என்று மிகவும் தணிந்த குரலில் கேட்டாள். முறையான கேள்விதான். ஆனால் "தெரியும்" என்று சொல்ல எனக்கு ஒரு நொடி தாமதமானது.

அவள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தபோது, பெருக்குகிற முதியவர் ஒருவர் எங்களைக் கடந்து போனார். அவரது முறத்தில் ஒரு தழைக்கொத்து. காம்பு கத்தரித்தது அல்ல, கையால் திருகி முறித்தது, நார் தொங்கியது. நான் அவர் வழியை மறித்து நின்றேன்.

எங்கள் மலையில் புளி உலுக்கவோ கடுக்காய் பொறுக்கவோ போகும்போது, முன்னால் போகிறவர்கள் வழி பிரிகிற இடத்தில் தழை முறித்துப் போடுவார்கள். கொழுந்து எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள் என்று பொருள். வாடியிருந்தால் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. அதை யாரும் காலால்கூடத் தள்ளக் கூடாது. ஏழு வயதில் விளையாட்டாக ஒன்றை எடுத்து ஆட்டிக்கொண்டு வந்ததற்காக அப்பா என்னை அடித்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான்.

பெரியவரிடம் தழையைக் காட்டி, "எங்கே? எங்கே?" என்றேன். குப்பை கிடந்ததற்குக் கோபிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. "சாரி, சாரி" என்று குனிந்து குனிந்து சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஏதோ தோன்றி, துடைப்பத்தால் ஒரு பாதையைக் காட்டினார். ஓடினேன். அடுத்த பிரிவில் வேலியோரம் ஒரு கொத்து, கொழுந்து வலப்பக்கம். அதற்கடுத்ததில் இன்னொன்று. படகுத்துறைக்குப் பக்கத்து நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

நிலா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "சுத்துற கப் ரைடு எங்க பார்க்ல இந்தப் பக்கம்தான்மா இருக்கும். மாமாவை நான்தான் இழுத்துட்டு வந்தேன். இங்க இல்ல. மாமா வழியெல்லாம் செடியை ஒடிக்கிறாரு, ஃபைன் போடுவாங்கன்னு சொன்னா கேக்கல."

"ஒடிச்சா ஒடிச்சுட்டுப் போறேன். பொண்ணு வழி தெரியும் தெரியும்னுச்சு, எனக்கு மட்டும் சந்தேகமாவே இருந்துச்சு. அதான், இங்கயே குந்துடி, உங்கம்மா தழையப் பாத்துட்டு வந்துடுவான்னு சொல்லிட்டேன்" என்றார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா இவ்ளோ நேரம்? ராட்டினத்தாண்டயே மொதத் தழ போட்டனே, பாக்கலியா?"

என் விரல்களில் இன்னும் பச்சை வாசம் இருந்தது. "பெருக்கிட்டாங்க போலருக்குண்ணா" என்றேன்.

"பெருக்குறவங்களுக்கு இன்னா தெரியும், பாவம்" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "சரி, வழி தெரிஞ்சவ நீதான? முன்னாடி போ."

முன்னால் நடந்தேன். பத்தடிக்கு ஒருமுறை திரும்பி, இருவரும் வருகிறார்களா என்று பார்த்தேன். ராட்டினத்தருகே அந்தக் குப்பைத்தொட்டியைக் கடக்கும்போது மட்டும் திரும்பவில்லை.