ஆக்ஸிலேட்டரில் ஒரு நெல்மணித் தொய்வு

பட்டறைக்கு வருகிற வண்டிக்கு ஒரு நோவுதான் இருக்கும். அதை ஓட்டி வருகிற மனிதருக்கு ஒன்பது நோவு இருக்கும். இது உங்களில் யாருக்காவது தெரியாதென்றால் நீங்கள் பட்டறை வைத்துப் பிழைக்காதவர்கள், கொடுத்து வைத்தவர்கள்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு பட்டறை. மலைமேல் இருக்கிற சோளக்காடு ஊருக்கு அப்போது வண்டி ரோடு கிடையாது. எந்த வண்டியும் எங்கள் வாசலோடு சரி, அப்புறம் நடைதான். எங்கள் ஊட்டுக்காரருக்குப் பெட்ரோல் தீ பட்டு வலதுகை விரல்கள் மடங்காமல் போனபிறகு, பொடி வேலையெல்லாம் என் கைக்கு வந்தது. நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் ஒரு மரை இறுகியதா, தளர்ந்ததா என்பதை விரல் சொல்லிவிடும்.

ஆளைத் தேடி வந்தவர்

மிளகு வியாபாரி ஒருவர். பெயர் வேண்டாம், முதலாளி என்றே சொல்கிறேன். என் மூத்த மகன் பழனி அவரிடம் தராசு பிடிக்கிறவன். அவர் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவன். அந்த வண்டியில் ஆக்ஸிலேட்டர் பிடி தொளதொளவென்று ஆகிவிட்டது. பாதி முறுக்கினாலும் வண்டிக்குக் காது கேட்காது. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் மிரண்ட காளைபோலப் பாயும்.

பிடியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற கம்பி தளர்ந்திருந்தது. லாக்நட்டைத் தளர்த்தி, மரையைத் திருகித் தொய்வை எடுத்தேன். முழுக்க எடுக்கவில்லை, ஒரு நெல்மணி அளவு விட்டேன். அளவுக்கென்றே ஒரு நெல்லை டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். அரைமணி நேரம் குனிந்து வேலை செய்து நிமிர்ந்தால், அதுவரை பார்த்துக்கொண்டே நின்றவர் கேட்கிறார்: "சரிங்க, ரிப்பேர் பண்ற ஆளு எப்ப வருவாரு?"

நேரான மேஸ்திரி

அடுத்த வாரம் வண்டியைப் பார்த்தேன். நான் விட்ட தொய்வு இல்லை. கம்பி வீணைத் தந்தி மாதிரி விறைத்துக் கிடந்தது. டவுனில் ஒரு மேஸ்திரி இறுக்கிக் கொடுத்தாராம். ஹாண்டில் நேராக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இடப்பக்கம் ஒடித்தால் கம்பி தானாக இழுபடும். நாம் முறுக்காமலே வண்டி சீறும். எங்கள் அடிவார ரோட்டில் நேராக நூறு அடி போக முடியுமா? அதுவும் பின்சீட்டில் இருப்பது நான் பெற்ற பிள்ளை.

"கொஞ்சம் தொய்வு இருக்கோணுங்க. வளைவுல இழுத்துக்குமுங்க" என்று பணிவாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "டவுன்ல ரோடும் நேரு, மேஸ்திரியும் நேரு. நீங்க போய் அடுப்பைப் பாருங்கம்மா." பழனியைத் தனியாகக் கூப்பிட்டு, "அதுல ஏறாத சாமி" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்: "வண்டியும் அவருது, வேலையும் அவருது. முதுகு மட்டுந்தான் என்னுதும்மா."

ஓடை வளைவு

மூன்று நாள் விளக்கேற்றி அறப்பளீசுவரரிடம் பழனியை ஒப்படைத்தேன். நாலாம் நாள் முதலாளியும் பழனியும் ஏறப் பயந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஓடை வளைவில் முதலாளி இடப்பக்கம் ஒடித்தாராம். வண்டி உறுமிக்கொண்டு நேரே தண்ணீருக்குள் போயிருக்கிறது. பழனிக்கு முழங்கை தோல் உரிந்திருந்தது. இரண்டு கோணி மிளகு நனைந்து சொட்டியது. பிள்ளை உயிரோடு வந்தானே என்று கும்பிட்ட கையை நான் இன்னும் இறக்கவில்லை. அதற்குள் முதலாளி எங்கள் ஊட்டுக்காரரிடம் முறையிடுகிறார்: "பொம்பளை கைபட்ட வண்டிங்க மேஸ்திரி, அப்புறம் எப்படி வெளங்கும்?"

முந்தானையில் ஒரு மூடி

நான் யாரையும் அதட்டிப் பேசி அறியாதவள். அன்றைக்குப் பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திருகி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். ரேஷன் கூப்பனுக்கு வாங்கிய பெட்ரோல். மூடியில்லாமல் ஓட்டி ஒரு சொட்டுச் சிந்தினாலும் முதலாளிக்கு நெஞ்சு வலிக்கும்.

"ஏனுங்க, மூடியைக் குடுங்க!"

"ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பிடியைத் தொடாம ஹாண்டிலை மட்டும் இடப்பக்கம் திருப்புங்க. அப்புறம் தாரேன்."

அவர் எங்கள் ஊட்டுக்காரரைப் பார்த்தார். இவர் மடங்காத விரலால் ஹாண்டிலைக் காட்டினார். வேறு வழியில்லாமல் முதலாளி ஸ்டார்ட் பண்ணித் திருப்பினார். வண்டி வீறிட்டது. நேராக்கினார், அடங்கியது. மறுபடி திருப்பினார், மறுபடி வீறிட்டது. மூன்றாம் தடவை அவர் முகத்தில் அந்த ஓடை தெரிந்தது. "டவுன்ல இப்படித் திருப்பிப் பாக்கலீங்களே" என்றார், மெதுவாக.

டப்பாவிலிருந்து நெல்லை எடுத்தேன். அந்த அளவுக்குத் தொய்வு விட்டு, நட்டை இறுக்கி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன். சத்தம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மூடியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, "இப்ப ஏறு கண்ணு" என்றேன். பழனி ஏறினான். எனக்கு ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று நான் கைகூடத் துடைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி எங்கள் ஊட்டுக்காரர் பக்கம் திரும்பிப் பூரித்துச் சொன்னார்: "மேஸ்திரி, ஊட்டுல நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க!"

ஆக்ஸிலேட்டர் கம்பிக்கு ஒரு நெல்மணித் தொய்வு போதும், ஆனால் சில ஆண்பிள்ளைகளின் காதுக்கும் புத்திக்கும் நடுவில் இருக்கிற தொய்வை எடுக்க ஓடையில் விழுந்தாலும் போதவில்லை.