உப்பில்லாக் கஞ்சி

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) வேகும் வாடை. உப்புத் தண்ணீரின் ஆவி, அதற்குள் கொஞ்சம் மண். உடனே விரல்களை விரித்து முகத்துக்கு நேரே நீட்டிப் பார்க்கிறேன். நடுங்கவில்லை. இருந்தாலும் இன்னொரு முறை நீட்டுகிறேன்.

எனக்கு இருமுனை மனநிலைக் கோளாறு (மனம் சில காலம் அடங்காமல் ஏறும், சில காலம் எழவே மறுக்கும்). வீடு விழுப்புரத்தில். அங்கேயும் மருத்துவர்கள் உண்டு. காத்திருக்கும் பெஞ்சில் எதிர்வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தால்? அதனால் திண்டிவனம். டாக்டரம்மா லித்தியம் (மனதின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் மாத்திரை) கொடுத்தார். தூக்கம் வந்தது. மகள் பேசுவதை முழுதாகக் கேட்க முடிந்தது.

சித்திரையில், வல்லம் பக்கத்து எங்கள் ஊரில் திரௌபதியம்மன் தீமிதி. அக்கா போன் செய்தாள்.

“உனக்காக வேண்டிக்கினு இருக்கேன்டி. தீ நான் மிதிக்கிறேன். காப்பு கட்டுன நாள்லேர்ந்து நீ உப்பு மட்டும் சேர்க்காத.”

“வெறும் கஞ்சி எப்படிக்கா எறங்கும்?”

“நெருப்புல நடக்கப் போறவ நானு. உனக்குக் கஞ்சி குடிக்க வலிக்குதா?”

குடித்தேன்.

சில நாளில் டம்ளர் கையில் ததும்பியது. வயிறு புரண்டது. கால் வைத்த இடத்தில் தரை இல்லை. முந்தைய முறைதான் டாக்டரம்மா ஒரு மாத்திரை கூட்டியிருந்தார். அதுதான் என்று தீர்மானித்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டினாரே.

“நிறுத்திடேன்” என்றார் கணவர். உடனே அவரே, “வேணாம். போன தடவ நிறுத்திப் பட்ட பேஜாரு போதும்” என்றார். போன தடவை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு என் செயினைப் போட்டுவிட்டுப் பேருந்திலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கியவள் நான். மாத்திரை போட்டால் உடல் போய்விடும். நிறுத்தினால் நான் போய்விடுவேன்.

கணவரோடு திண்டிவனம் போனேன். டாக்டரம்மா என் கையை நீட்டச் சொன்னார். முகம் மாறியது.

“எத்தனை மாத்திரை போட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க.”

அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருந்தது. சாகப் பார்த்தாயா? இந்த நோயில் நம் சொல்லுக்கு எப்போதும் ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது.

“நீங்க எழுதினதத்தாங்க போட்டேன். கூட்டினது நீங்க.”

கணவர் மெல்ல, “உப்பில்லாத கஞ்சிதாங்க குடிக்கிறா, அதுவும் வயித்துல நிக்கல” என்றார்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். “உப்பில்லாததா?”

உடலில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இரத்தத்தில் அதன் அளவு எல்லை தாண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தி, பக்கத்து மருத்துவமனையில் படுக்கவைத்து, சலைன் (உப்புநீர்) ஏற்றினார்கள்.

சாயங்காலம் டாக்டரம்மா என் கட்டிலருகே வந்தார். “தண்ணி நிறைய குடிங்கன்னு சொன்னேன். உப்பைப் பத்திச் சொல்லல. அது என் தப்பு. உங்களச் சந்தேகப்பட்டதும்.”

“நானும் உங்களச் சந்தேகப்பட்டேங்க.”

“முகத்துலயே தெரிஞ்சுது.”

அக்கா தீ மிதித்த கையோடு ஓடி வந்தாள். “நெருப்பு சுடலடி. உன் கஞ்சிதான் சுட்டுடுச்சு” என்றாள்.

இதே மாத்திரை சாப்பிடுகிறவர்களே, விரதமோ, வயிற்றுப்போக்கோ, வெயிலில் வேர்த்துக் கொட்டும் வேலையோ, அற்பம் என்று எதையும் விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பிறகு அளவைக் குறைத்து மீண்டும் தொடங்கினோம். இம்முறை என்னைக் கேட்டுத்தான். இப்போது எனக்குக் காலம் என்பது ஓர் இரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்தது வரை. உடம்பை எந்நேரமும் ஒட்டுக்கேட்கிறேன். சந்தோஷம் வந்தால் அதற்கும் நாடி பிடித்துப் பார்க்கிறேன்.

போன வாரம் பரிசோதனை முடிந்து எழுந்து கதவுவரை போனவள், திரும்பி டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“ரெண்டு நாளா வாயில பாட்டு வருதுங்க. சந்தோஷமா, மறுபடி ஏறுதா?”

“இப்ப எனக்கும் தெரியலம்மா. தூக்கம் குறைஞ்சா உடனே போன் பண்ணுங்க.”

“குறையலன்னா?”

“பாடுங்க.”