இசக்கிமுத்துவின் சாயக் கை

இசக்கிமுத்துவுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருப்பான். கல்யாணமான கையோடு தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து, சாயப்பட்டறையில் சேர்ந்து, நல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறான். என்ன சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் அன்றைக்குப் பட்டறையில் ஓடிய கலர் இருக்கும். மஞ்சள் ஓடிய நாளில், "மாப்பிள்ளைக்கு எப்போ முகூர்த்தம்?" என்று மனைவி அனுசுயா கேலி செய்வாள்.

மகள் பிறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் அந்தக் கேலி நின்றுபோனது. குழந்தையின் மார்பு இரண்டும் நெல்லிக்காய் அளவுக்குத் தடித்திருந்தன. சட்டை மாற்றும்போது வெள்ளையாக ஒரு சொட்டு கசிந்தது.

"ஏங்க, பச்சப்பிள்ளைக்குப் போய்ப் பால் வருதே!" என்று அனுசுயா அழுதாள்.

வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இந்த மகராசன் தன் கையைப் பார்த்தான். சாயக் கெமிக்கலைப் பற்றிப் பட்டறையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அத்தனையையும் நம்புகிற ஆள் இவன் ஒருவன்தான். தன் கையிலிருந்து ஏதோ பிள்ளையின் உடம்புக்குள் இறங்கிவிட்டது என்று தானாகவே முடிவு கட்டிவிட்டான். அன்றிலிருந்து பிள்ளையைத் தொடவில்லை. வேலை முடிந்து வந்தால் வாசலில் நின்றே எட்டிப் பார்ப்பான். அது அழுதால் தெருக்கோடிவரை போய்த் திரும்புவான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அனுசுயா சொன்னால் மழுப்புவான். 'உன்னால்தான்' என்று டாக்டர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

பிள்ளையைக் குளிப்பாட்டுவது வீட்டுக்காரம்மா சுப்பாத்தாள். பால் கசிவதைப் பார்த்து அவர் பதறவே இல்லை.

"கெட்ட பாலு கண்ணு அது. பீச்சி உட்டாச் சரியாப் போயிரும். எங்கூட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் பண்ணுனோம்."

அனுசுயா தயங்கினாள். இசக்கிமுத்துதான் அவசரப்பட்டான். "உள்ள இறங்குனது வெளிய வரணும்லா? செய்யட்டும்."

சுப்பாத்தாள் அமுக்கிப் பீச்சியதும் பிள்ளை வீரிட்டு அழுதது. அவன் காதைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.

இரண்டு நாளில் இடப்பக்கம் சிவந்து வீங்கி, பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. இந்த முறை அனுசுயா அவனைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அவனும் ஓடிவந்து தொற்றிக்கொண்டான்.

டாக்டரம்மா பார்த்ததுமே, "யார் இதை அமுக்கினது?" என்று கேட்டார்.

"அமுக்கச் சொன்னது நாந்தான் மேடம். என் கைச் சாயம் உள்ள இறங்கிட்டுன்னு நெனச்சேன்." இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். அன்றைக்குக் கருநீலம்.

டாக்டருக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டார். "சாயமும் இல்லீங்க, கெட்ட பாலும் இல்லீங்க. பொறந்த கொஞ்ச மாசத்துக்குக் குழந்தையோட உடம்புல ஹார்மோன் நல்லா வேலை செய்யும். பையனோ பொண்ணோ, எல்லாக் குழந்தைக்கும் உண்டு. அதுலதான் மார் தடிக்கும், சிலதுக்குப் பாலும் கசியும். தொடாம விட்டிருந்தாத் தானா அடங்கியிருக்கும். அப்புறம் வயசுக்கு வர்றப்பதான் அந்த ஹார்மோன் மறுபடி முழிக்கும். இப்ப அமுக்கித்தான் சீழ் வெச்சிருக்கு. அட்மிட் பண்ணி ஊசி போடணும், சரியாயிரும்."

"அப்போ நான் பிள்ளைய... தூக்கலாமா மேடம்?"

"கையைக் கழுவிட்டு வாங்க. ஊசி போடறப்ப நீங்கதான் பிடிச்சுக்கணும்."

தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். ஊசி ஏறியதும் அது தொண்டை கிழியக் கத்தியது. "அப்பாதான் தாயி, அப்பாதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இத்தனை நாள் வாசலிலேயே நின்றுவிட்டவனின் கை பிள்ளைக்குப் பழகியிருக்கவில்லை. அனுசுயாவின் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதது.