வெள்ளிக்கிழமை மீன்குழம்பு

உருத்திரபுரத்தில் எங்கள் ஒழுங்கைத் தெரு வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை ஆளுக்கொரு கறி சமைத்து வந்து, என் வீட்டு முற்றத்தில் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். தொடக்கி வைத்தவள் நான். முதல் இரண்டு முறையும் கடைசி வீட்டுக்காரி மட்டும் வரவில்லை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம் அவளுடையது. மற்றவர்கள் எல்லாரும் வயல் செய்கிற சைவக்காரர். தாங்கள் வந்தால் எங்கள் ஆட்களுக்குக் கரைச்சல் என்று நழுவினாள். எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. நீ வராவிட்டால் இந்தச் சாப்பாடே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் முறை வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கூடாது என்று சொல்லத்தான் அவளிடம் போனேன். நான் வாய் திறக்க முன்னமே அவள் முந்திக்கொண்டாள்.

“வெள்ளியெண்டா எங்களுக்கும் விரதம்தான் அக்கா. தவக்காலமெல்லோ.”

இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? மனம் குளிர்ந்து திரும்பினேன்.

அன்று பின்னேரம் எல்லாரும் பாயில் இருந்த பிறகு அவள் சட்டியைத் திறந்தாள். பாரைமீன் குழம்பு. கோயிலிலிருந்து திருநீறு கலையாமல் வந்திருந்த முன்வீட்டு அண்ணர் எழும்பிப் போனார். அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. இறைச்சிதானே விலக்கு, மீனுமா என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். அவர்களுடைய விரதத்தில் மீன் சாப்பிடலாம், எங்களுடையதில் கூடாது. விரதம் என்ற சொல்லோடு இரண்டு பேரும் நின்றுவிட்டோம், என்ன விரதம் என்று கேட்கவில்லை.

அவள் சட்டியை மூடித் தூக்கினாள். இப்படிப் போனால் இனி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். எழும்பிப் போனவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சட்டியை அவள் கையிலிருந்து வாங்கி என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். வெள்ளிக்கிழமையில் என் குசினிக்குள் மீன் போனது அதுதான் முதல் தடவை.

“மீன்குழம்பு அடுத்த நாள்தானே ருசி. நாளைக்கு மத்தியானம் எல்லாரும் வாங்கோ. இப்ப பருப்போட சாப்பிடுவம்.”

அவள் இருந்தாள். ஆனால் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். அவளும் வந்தாள். முன்வீட்டு அண்ணரை நானே போய் ஏசியிருந்தேன், அவரும் வந்தார். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு, புளி கொஞ்சம் காணாது என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவளைப் பார்த்தேன். அவள் இன்னொரு துண்டு மீனை அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்தாள்.

“அப்ப அடுத்த மாசம் நீங்களே வந்து கரைச்சு விடுங்கோ அண்ணை.”

அடுத்த மாதம் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். இனி நான் போய்க் கூப்பிடத் தேவையில்லை.