துடைத்த இடத்தில் வந்த புள்ளி

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்பவைக்கும் தெம்பு எனக்கு இல்லை. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், தோ-அஷு கணவாயில், மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை.

நானும் எலாமானும் பிஷ்கெக் நகரத்தில் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். பனிச்சரிவில் சிக்கியவர்களைத் தேட ஒரு போன் செயலி செய்துகொண்டிருந்தோம். அதில் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடும். அவனுடையது, வெப்பக் கேமராவில் தெரியும் உடல்சூட்டை நினைவகத்தில் ஓர் இடத்தில் எழுதும். என்னுடையது, அதே இடத்திலிருந்து படித்து வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும். படித்ததும் அந்த இடத்தைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய எண் அப்படியே கிடந்து, இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் நேற்றைய ரொட்டி. துடைத்தால் வேகம் குறைகிறது என்று அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

"ரொட்டியைக் குப்பையில போட்டா பாவம்க்கா" என்பான். எங்கள் வீடுகளில் யாரும் போடமாட்டார்கள்தான்.

சோதனைக்காக இரண்டு கார்களில் கிளம்பினோம். அவன் முன்னால் போனான். மதியம் 2:10. மேலே 'தொம்' என்று ஒரு சத்தம்... முன்னால் போன காரைக் காணவில்லை.

3:30க்கு மீட்புக்குழு வந்தது. காரைத் தோண்டி எடுத்தார்கள். கதவு பிய்ந்திருந்தது. உள்ளே அவன் இல்லை.

4:15க்குச் செயலியைத் திறந்தேன். பாறை ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. 32.4 டிகிரி.

ஓடிப்போய்த் தோண்டினார்கள். இரண்டு மீட்டர். வெறும் பனி. எங்கள் கேமரா பனிக்குள் பார்க்காது என்று எனக்குத் தெரியும்.

கேமராவை வானத்துக்குத் திருப்பினேன். புள்ளி அங்கேயே இருந்தது.

கையுறையால் மூடினேன். இருந்தது.

எலாமானின் நிரலை நிறுத்தினேன். எழுதுவதற்கு இப்போது யாருமே இல்லை. அப்படியும் இருந்தது.

நேற்றைய ரொட்டிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பழைய எண் மாறாது. இது குறைந்துகொண்டே வந்தது. 31.2... 31.1...

குழுத் தலைவர் சகின்பெக் மலையுச்சியைப் பார்த்தார். இன்னொரு சரிவு வந்தால் தோண்டிக்கொண்டிருந்த ஆறு பேரும் போய்விடுவார்கள்.

"ஆள் இருக்கானா இல்லையா? ஒண்ணு சொல்லும்மா."

5:02. நினைவகத்தில் அந்த இடத்தைத் துடைத்தேன்.

புள்ளி மறைந்தது. ஒரு நொடி... மறுபடி வந்தது. 31.0.

துடைத்தேன்.

வந்தது.

என் நிரலையே நிறுத்திவிட்டேன்.

புள்ளி போய்விட்டது.

"யாரும் இல்லண்ணே" என்றேன்.

மே மாதம் மேல்பனி உருகியது. புள்ளி இருந்த அதே இடத்தில், நாங்கள் தோண்டி நிறுத்திய குழிக்கு ஒரு மீட்டர் கீழே, எலாமான் கிடந்தான். முகத்துக்கு முன்னால் மூச்சால் உருகி உறைந்த பனி ஒட்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருந்திருப்பான் என்றார் மருத்துவர்.

அவனைக் கண்டெடுத்த அன்றிரவே அந்தப் போனின் பதிவேட்டைத் திறந்தேன். நினைவகத்தில் எழுதப்படும் ஒவ்வொரு எண்ணும் அதில் நேரத்தோடு விழும். 5:02க்குப் பிறகு எதுவும் இருக்கக்கூடாது. இருந்தது. நான் போனைப் பையில் போட்டு மலையிறங்கிய நேரம் முழுக்க, நிமிடத்துக்கு ஒன்று. கடைசி எண் 5:31க்கு.

இருபத்தொன்பது நிமிடம் எழுதியிருக்கிறான். படிப்பதை நான்தான் நிறுத்தியிருந்தேன்.