அப்பாவின் பேச்சில் நான் எழுதாமல் விட்ட ஊர்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், அப்பாவோடு பழகிய ஊர்ப் பெரியவர்களுக்கும், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்திருக்கும் நெசவாளர் குடும்பங்களுக்கும் என் வணக்கம். மூத்த மகள் என்ற முறையில் என்னை எழுதச் சொன்னார்கள். அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது சிரமமான காரியம் இல்லை. ஆனால் அவரைப் பற்றி இந்த ஊர் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் உண்மையல்ல. அதற்குக் காரணம் நான். அதை விட்டுவிட்டு மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பா பிறந்தது இலுப்பந்தாங்கலில். காஞ்சிபுரம் நமக்குச் சந்தையும் கோயிலும் ஆஸ்பத்திரியும். ஊருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ரயில் பாதை. தாத்தா காலமானபோது அப்பாவுக்கு மீசை கூட அரும்பவில்லை. சித்தப்பா கைக்குழந்தை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பா ஏர் பிடித்தார். தம்பியைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டே உழுததாகச் சொல்வார். அதில் பாதியாவது உண்மையாக இருக்கும். சித்தப்பாவுக்குப் பெண் பார்த்ததும் அப்பாதான். நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மா போய்விட்டார். அதன் பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும், பரீட்சைக்குப் போகும்போது நெற்றியில் திருநீறு பூசிவிட்டதும் சித்திதான்.

பஞ்சாயத்துத் தலைவராக இருந்த அப்பாவை அறுபதுகளின் பின்பாதியில் பாராளுமன்றத் தேர்தலில் நிறுத்தினார்கள். கட்சியில் இரண்டு பெரிய மனிதர்களுக்குள் ஒத்துப்போகவில்லை, அதனால் இரண்டு பேருக்கும் வேண்டியவரும் இல்லாத, வேண்டாதவரும் இல்லாத அப்பாவைப் பிடித்துப் போட்டார்கள். முதலில் கேலி செய்கிறார்கள் என்றுதான் அப்பா நினைத்தார். ஜெயித்த பிறகுதான் பயந்தார். பிள்ளையார்பாளையத்து நண்பர் ஒருவர் டில்லிக் குளிருக்கென்று தடித்த போர்வை ஒன்று தம் தறியிலேயே நெய்து கொடுத்தார். ஒரு பெட்டியில் அந்தப் போர்வையும் சித்தி இடித்துக் கொடுத்த மிளகாய்த் தூளும் புளியும் வைத்துக்கொண்டு அப்பா ரயிலேறினார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியும் தெரியாது. சபையில் தமிழில் பேச அனுமதி உண்டு. ஆனால் அந்த நாளில் பேச்சின் ஆங்கிலப் பிரதியை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பதில் சொல்கிறவர்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். முதல் பேச்சைக் காஞ்சிபுரத்து வக்கீல் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதைப் பிறகு யாரோ தமிழில் படித்துக் காட்டியபோது அப்பாவுக்கே அது தன் பேச்சென்று தெரியவில்லை.

"வக்கீல் எழுதினா அது வக்கீல் பேச்சாயிடுது பாப்பா. நீ காலேஜுல இங்கிலீஷ்தானே படிக்கிற, நீயே எழுது" என்றார். "நான் அங்க எழுந்து நின்னு பேசறது செவுத்தாண்ட பேசற மாதிரிதான். பக்கத்துல இருக்கிறவன் சிரிச்சிக்கினே பார்க்கிறான். நீ எழுதற காகிதம்தான்மா அங்க பேசும்."

அப்படித்தான் நான் அப்பாவின் ஆங்கிலம் ஆனேன். அந்தப் பெருமையில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துப்போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரயில்வே மானியக் கோரிக்கையின் மீது விவாதம் வரும் வருடாந்தரக் கூட்டத்தில் அப்பாவுக்கு ஆறு நிமிடம் ஒதுக்கினார்கள். வண்டிகள் ரயில் பாதையைத் தாண்டும் இடங்களில் கேட் இல்லாததைப் பற்றிப் பேச முடிவு செய்தார். அவர் வரப்பில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் முதலில் தமிழில் எழுதினேன். நான்கு ஊர்களின் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு ஊரிலும் எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் வளைவு, யார் வீட்டு மாடு மயிரிழையில் தப்பியது என்பது வரை சொன்னார்.

"நம்ம ஊரைக் கடைசியில வை. முதல்ல வச்சா, தன் வூட்டு வண்டி போறதுக்குத்தான் கேக்கறான்னு பேசுவாங்க" என்றார்.

எங்கள் நிலத்தில் பாதி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இலுப்பந்தாங்கல் பாதையை ஒட்டி ஒரு புளியந்தோப்பு. ரயில் தோப்பைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் படும். நான்கு ஊர்களில் அதுதான் மோசமான இடம். அது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் கடைசியில் வைத்தார். நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபோது, சொந்த ஊருக்கும் சொந்த வயலுக்கும் கேட்பது எனக்கு அசிங்கமாகப் பட்டது. டில்லியில் படித்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. மூன்று ஊர்களை எழுதினேன். நான்காவது ஊருக்குப் பதிலாக, தொகுதியில் இன்னும் இது போன்ற இடங்கள் உள்ளன என்று ஒரு வாக்கியம் போட்டேன். அது நாகரிகமாக இருந்தது. அதை டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் கொடுத்து அடித்து வாங்கினேன்.

காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் காகிதத்தைக் கொடுத்தபோது அப்பா அதை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு ஊரும் இருக்குதா பாப்பா? நம்ம ஊரு?"

"இருக்குதுப்பா" என்றேன்.

மறுபடி அடிக்க நேரமில்லை. வாயால் சொல்லத்தானே போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் சபையில் மூன்றாவது ஊரைப் பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டார்கள். மிச்சத்தை எழுத்தில் உள்ளபடி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அப்பாவை உட்காரச் சொன்னார்கள். அவர் நிம்மதியாக உட்கார்ந்தார். காகிதத்தில்தான் இருக்கிறதே.

சில மாதம் கழித்துப் பதில் கடிதம் வந்தது. நான்தான் படித்தேன். மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிட்ட மூன்று இடங்களும் ஆராயப்படும் என்று இருந்தது. "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். என் முகத்தைப் பார்த்தார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, அடுத்த வருஷம் கேட்டுக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அவர் என்னிடம் சொன்னது.

அடுத்த வருடம் பேசுகிறவர்கள் பட்டியலில் அப்பாவின் பெயர் கடைசியில் இருந்தது. அவரைக் கூப்பிடுவதற்குள் விவாதம் முடிந்துவிட்டது. மூன்று ஊர்களில் இரண்டுக்கு அதற்குள் கேட் போட்டுவிட்டார்கள்.

அந்த வைகாசியில் கருட சேவைக்குக் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போனோம். சித்தப்பா வண்டி ஓட்டி எங்களைப் பிள்ளையார்பாளையத்து நண்பர் வீட்டில் இறக்கிவிட்டு, கன்று போடும் நிலையில் இருந்த பசுவைப் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே தனியாகத் திரும்பினார். பெருமாளைப் பார்த்துவிட்டு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். அப்பாவைப் பார்த்து, "தோப்பு மறைச்சிக்குதுங்க. அவர் பார்க்கவே இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். சித்தப்பாவை நாங்கள் அதன் பிறகு முழுதாகப் பார்க்கவில்லை.

சாவு வீட்டில் சித்தி அழவில்லை. எல்லோரும் கேட்கும்படி அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "டில்லிக்குப் போயி ஊருக்கெல்லாம் கேட்டு வாங்கினு வந்தீங்களே மாமா. உங்க தம்பி போற வழிக்கு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "கேக்கலம்மா" என்றார்.

அந்த ஒரு சொல் ஊர் முழுக்கப் பரவியது. தன் ஊருக்கே கேட்காதவன் என்று அடுத்த தேர்தலில் அப்பாவைத் தோற்கடித்தார்கள். இலுப்பந்தாங்கல் சாவடியிலேயே அவருக்கு ஓட்டு விழவில்லை. பிறகும் அப்பா மனு மேல் மனுவாகப் போட்டார். ஒரு நாள் எத்தனை வண்டி அந்தப் பாதையைத் தாண்டுகிறது என்று எண்ணிப் பார்க்க ரயில்வேயிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பயந்துபோன நம் ஊர்க்காரர்கள் அதற்குள் ஏரிக்கரையைச் சுற்றி, கேட் உள்ள அடுத்த ஊர் வழியாகப் போகப் பழகியிருந்தார்கள். வந்தவர்கள் நாளெல்லாம் உட்கார்ந்தும் ஒரு வண்டி கூட வரவில்லை. வண்டியே போகாத இடத்துக்குக் கேட் தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள். அதன் பிறகு அப்பா மனுப் போடவில்லை. இன்று வரை அங்கே கேட் இல்லை, இனி வரும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

அப்பாவும் சித்தியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வேளாவேளைக்குச் சித்தி அப்பாவுக்குச் சோறு வைத்தார், பேச்சு மட்டும் இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகு வாயில் கஞ்சி ஊட்டியதும், புரட்டிப் படுக்கவைத்துத் துடைத்துவிட்டதும் சித்திதான். அப்போதும் பேசவில்லை. கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம், சித்தி கிணற்றடிக்குப் போயிருந்தபோது, இனிமேலாவது சித்தியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அப்பாவிடம் அழுதேன். அவருக்குப் பேச்சு குழறும். மெதுவாகச் சொன்னார்:

"வேணாம் பாப்பா. அவ என் மேல கோவமா இருந்து பழகிட்டா. உன் மேலயும் கோவம் வந்தா அவளுக்கு யாரும் இல்லாம போயிடும்."

அந்த ரயில்வே பேச்சுக்கு நான் எழுதிய தமிழ்க் காகிதம் அப்பாவின் பெட்டியில் அந்தப் போர்வைக்கு அடியில் இருந்தது. கடைசி ஊரின் பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். வேறு எதுவும் எழுதவில்லை. அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோதும் ஏரிக்கரை சுற்றித்தான் கொண்டுபோனோம்.

நான் இன்று காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் மொழிபெயர்ப்புப் பாடம் வரும்போது மூலத்தில் உள்ள பெயர்களை முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் வீடு தேடி வந்து மருந்து கொடுத்த டாக்டருக்கும், பாடை தூக்கிய இளைஞர்களுக்கும், பதினாறாம் நாள் காரியம் வரை கூடவே இருந்த பிள்ளையார்பாளையத்து நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சித்திக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. அப்பா வேண்டாம் என்று சொன்னதை இப்போது மீறுகிறேன். இதனால் யாரும் திரும்பி வரப்போவதில்லை, சித்தி என்னை மன்னிப்பார் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா பேரில் கிடக்கும் பழி என் பேருக்கு வரட்டும், அது போதும்.

சித்திக்குப் படிக்கத் தெரியாது. பந்தியில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தயவுசெய்து இதை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். அப்பா கேட்ட ஊர்களில் நம் ஊர் இருந்ததா என்று சித்தி கேட்டால், இருந்தது என்று சொல்லுங்கள். எடுத்தது பாப்பா என்றும் சொல்லுங்கள்.